குளோரின் போகும்வரை

பகலில் நான் போடுகிறேன்.
கந்தளாயிலிருந்து வரும் தண்ணீரில்
லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று
சபையின் அட்டவணைப்படி குளோரின்.
கீழே கையெழுத்தும் என்னுடையதுதான்.
இரவில் அதே தண்ணீரை
மூன்று வாளிகளில் மூடாமல் வைத்து
அது போகட்டுமென்று காத்திருக்கிறேன்.

உவர்மலையில் வாடகை அறை.
யன்னலுக்குள் ஒரு துண்டுக் கடல்,
அதன் கீழே இரண்டடிக் கண்ணாடித் தொட்டி.
"கடலை வைச்சுக்கொண்டு உது ஏன் பிள்ளை?"
பாரையை வெட்டியபடியே கேட்டார் சவிரியான் அண்ணன்.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அரைக் கிலோவா ஒரு கிலோவா என்றார்.

முதல் பிழை மணல்.
உப்புவெளியில் காசில்லாமல் அள்ளி
ஏழு தண்ணீரில் அலசி, காயவைத்து, அரித்து,
பிறகு ஒரு துளி வினாகிரி விட்டேன்.
சீறியது. அத்தனையும் சிப்பிப் பொடி.
பரிசோதனைக்கூடக்காரி
சோதனையைக் கடைசியில்தான் செய்தேன்.
திரும்பக் கொண்டுபோய்க் கொட்டியபோது
கரையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்தது வெருகல் ஆற்று மணல், உரப்பையில்.
பஸ்ஸில் அதற்கும் ஒரு ரிக்கெற்.

அடியில் செம்மண், மேலே மணல், நடுவில் ஒரு பாலை வேர்.
சோற்றுப் பானையில் மூன்று நாள் அவித்தும்
இன்னும் தேத்தண்ணி நிறம் விடுகிறது.
பின்வரிசைக்கு வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசி.
அதோடு அழைக்காமல் வந்த நத்தை ஒன்று.
ஒன்று என்றுதான் அன்று நினைத்தேன்.

முன்வரிசைச் செடி சந்தமாலி அனுப்பியது.
தெரணியகலையில் அவள் வீட்டுக்குப் பின்னால்
ஓடைக் கல்லிடுக்கில் வளர்வதாம்.
ஈரமான சிங்களப் பத்திரிகையில் சுற்றி
இரவு ரயிலில் வந்தது.
பிரித்தபோது ஓர் இலையில்
ஏதோ செய்தியின் மை தலைகீழாக ஒட்டியிருந்தது.
நேராக இருந்தாலும் நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.

நான்காம் நாள் இலைகள் உருகத் தொடங்கின.
கண்ணாடிபோலாகி, ஓட்டை விழுந்து,
தொட்டால் விரலில் சளி.
பிடுங்க நீட்டிய கையை
அவள் போனிலேயே தடுத்தாள்:
"தொடாதே. இடம் மாறினால் அது அப்படித்தான்.
வேர் இருக்கும்."
வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த முதல் மாதம்
நான் மூன்று வேளையும் பிஸ்கற் சாப்பிட்டது
அவளுக்குத் தெரியாது.

மீனில்லாத மீன்தொட்டியை
பார்க்க வருபவர்கள் மன்னிப்பதில்லை.
வீட்டுக்காரர் மகன் கபிஷன்
தினமும் எட்டிப் பார்த்து, "எப்ப வரும்?" என்பான்.
முதலில் அமோனியா இறங்க வேணும்,
பிறகு நைத்திரைற்று இறங்க வேணும் என்றேன்.
"அவை எந்த ஸ்டேஷனில இறங்குவினம்?"

மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள்.
சோதனைக் குழாயில் ஐந்து கிழமை ஓடியது.
இடையில் பாசி படர்ந்து
பழைய பல் பிறஸால் தேய்த்தேன்.
லைற்றை ஆறு மணித்தியாலமாகக் குறைத்தேன்.
கரண்ட் போன இரவுகளில்
அதையும் அவர்களே குறைத்தார்கள்.

இருபத்தாறாம் நாள்
உருகியவற்றின் நடுவில் நெல்லளவு,
சுருட்டிய செம்பு நிறம்.
ஓடையைப் பார்க்காத இலை.
அன்று வேலைக்குப் பிந்திப் போனேன்.

இப்போது ஆறு செரி பார்ப்.
கபிஷன் ஒன்றுக்குத்தான் பெயர் வைத்தான்,
எது அது என்று அடுத்த நாளே மறந்துபோனான்.

ஞாயிறு. கால்வாசித் தண்ணீர் மாற்றும் நாள்.
குழாயை வாயால் இழுத்ததில்
ஒரு மிடறு குடித்தும்விட்டேன்.
வடித்த வாளியை வாசலில் வைத்து,
கத்தரித்த வேலம்பாசியைப் பக்கத்தில் போட்டு,
மிளகாய்க் கன்றுக்குக் கோப்பை எடுத்துத் திரும்பினால்
ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று,
கொம்பில் நைலோன் நூல் சிக்கியது,
வாளிக்குள் முகத்தை விட்டிருந்தது.
முடித்துவிட்டு வேலம்பாசியையும் மென்றது.

பக்கத்தில் சற்றுமுன் பைப்பில் பிடித்த வாளி,
பளிங்குபோல் தண்ணீர்.
அதையும் ஒருமுறை முகர்ந்தது.
நான் கையெழுத்து வைத்த தண்ணீர்.
தும்மிவிட்டுப் படியிறங்கிப் போனது.